திப்பிக்கு ஒரு வக்காலத்து

பெட்ரோலியத்தோடு நேருக்கு நேர் மோதி, மானியம் இல்லாமல் ஜெயித்து நிற்கும் நொதிப்புப் பொருள் ஒன்றே ஒன்றையாவது காட்டுங்கள் என்று சென்ற இதழில் கட்டுரையாளர் சவால் விட்டிருக்கிறார். வயலிலும் சந்தையிலும் ஆலையிலும் மிஞ்சுகிற கழிவை நுண்ணுயிரிகளுக்குத் தீனியாகப் போட்டு ரசாயனம் எடுக்கலாம் என்பதே, மானியம் தின்னப் பழகிய ஒரு கூட்டம் கட்டிவிட்ட கதை என்பது அவர் தீர்ப்பு. யாராலும் காட்ட முடியாது என்ற தெம்பில் விட்ட சவால் என்பது அந்தப் பத்தியின் மிதப்பிலேயே தெரிகிறது. எழுதிய மேசையை விட்டு எழுந்து சமையலறை அலமாரிவரை போய்வந்திருந்தால் அந்தப் பத்தியை அவரே அடித்திருப்பார்.

முதலில் அஜினமோட்டோவை எடுத்துக்கொள்வோம். அதன் நல்லது கெட்டது வேறு வழக்கு. இங்கே பேச்சு அது எப்படித் தயாராகிறது என்பது பற்றி. 1908இல் தோக்கியோவில் கிகுனே இகேடா அந்தச் சுவையைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். பல பத்தாண்டுகள் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்துத்தான் அதைத் தயாரித்தார்கள். 1956இல் கியோவா ஹக்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அந்தச் சுவைக்கு மூலமான குளூட்டமிக் அமிலத்தைத் தன் உடம்புக்கு வெளியே கொட்டும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். சர்க்கரை ஆலையின் மிச்சமான மொலாசஸ் அதற்குத் தீனியாகப் போதும். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. மொலாசஸில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம். பயோட்டின் கூடினால் பாக்டீரியா அமிலத்தை வெளியே விடாமல் உள்ளேயே பூட்டிவைத்துக்கொள்ளும். அதற்கும் வழி பிறந்தது. கலனில் சிறிது பெனிசிலின் விட்டார்கள். செல்லின் சுவர் தளர்ந்து உள்ளே இருப்பது வெளியே கசிந்தது. மலிவான மிச்சத்தின் குறையைச் சரிக்கட்ட ஒரு ஆலைக்காரன் எவ்வளவு தூரம் போவான் என்பதற்கு இது சாட்சி.

இனித்தான் கட்டுரையாளர் கேட்ட நேரடி மோதல் வருகிறது. அஜினமோட்டோ நிறுவனமே 1962இல், பெட்ரோலிய வழியில் கிடைக்கும் அக்ரிலோநைட்ரைலிலிருந்து அதே பொருளைச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கியது. எண்ணெய் தண்ணீர் விலைக்குக் கிடைத்த காலம் அது. 1973இல் அந்த வழியைக் கைவிட்டது. காரணங்கள் பல, அவற்றில் ஒன்று அடிப்படையானது. இந்த மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவங்கள் உண்டு. நாக்கு அடையாளம் காண்பது ஒன்றைத்தான். ரசாயன வழியில் இரண்டும் பாதிக்குப் பாதி கலந்து வரும். அப்புறம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். பாக்டீரியா வேண்டியதை மட்டுமே தரும். இன்று உலகம் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் பயன்படுத்தும் அந்த உப்பு நொதித்தல் கலன்களிலிருந்துதான் வருகிறது. எந்த அரசின் மானியத்தில் வருகிறது என்பதைக் கட்டுரையாளர் விசாரித்துச் சொல்லட்டும்.

ஒன்று போதாதென்றால் இன்னொன்று. சிட்ரிக் ஆசிட் ஒரு காலத்தில் சிசிலித் தீவின் எலுமிச்சைத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது. இத்தாலியர்கள் வைத்த விலைதான் சட்டம். 1917இல் ஜேம்ஸ் கரி என்ற அமெரிக்கர், ஒரு கருப்புப் பூஞ்சை சர்க்கரைக் கரைசலைத் தின்று சிட்ரிக் அமிலமாக மாற்றித் தருகிறது என்று எழுதினார். பெரிய வெங்காயத்தை உரிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் கரும்பொடியாகக் கையில் ஒட்டுகிறதே, அதே இனப் பூஞ்சைதான். 1919இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஃபைசர் நிறுவனம் அதை வைத்து உற்பத்தியில் இறங்கியது. சர்க்கரையில் தொடங்கி, பின்னால் மொலாசஸுக்கு மாறியது. சிசிலியின் ஆதிக்கம் முடிந்தது. இன்று உலக உற்பத்தி ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல். இத்தனை ஆண்டுகளில் பெட்ரோலியத்தால் அந்தச் சந்தைக்குள் கால் வைக்கக்கூட முடியவில்லை. கட்டுரையாளர் வெயிலில் வந்து குடிக்கும் குளிர்பானத்தில் புளிக்கிறது அந்தப் பூஞ்சையின் உழைப்பு.

இதற்கு அவர் என்ன மறுமொழி சொல்வார் என்பது தெரிந்ததுதான், ஆகவே அதையும் நானே எழுதிவிடுகிறேன். இன்று இந்த ஆலைகளில் பெரும்பாலானவை ஓடுவது மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த சர்க்கரையில், கழிவில் இல்லை. உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் விட்ட சவால் நொதித்தலைப் பற்றியது. நுண்ணுயிரியால் ஆலைக் கணக்குக்கு வேலை செய்ய முடியாது என்பது அவர் வாதம். அந்த வாதம் செத்துவிட்டது. மிஞ்சியிருப்பது, நல்ல சர்க்கரை இருக்கும் இடத்தில் மிச்சம் மீதியை வைக்க முடியுமா என்ற கேள்வி. அது பேச வேண்டிய கேள்வி. அதைப் பேச வேண்டுமானால் இரண்டு விஷயங்களைக் கேட்டாக வேண்டும்: என்ன தயாரிக்கப் போகிறோம், கழிவு எங்கே கிடக்கிறது. இரண்டையும் கேட்காமலே கட்டுரையாளர் ஐந்து பக்கம் எழுதியிருக்கிறார்.

அவர் அடுக்கியிருக்கும் பிணங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அபெங்கோவா நிறுவனத்தின் ஆலை, 2014இல் திறந்து அடுத்த ஆண்டே மூடியது. அயோவாவில் டூபாண்ட், 2015 அக்டோபரில் திறந்து 2017 நவம்பரில் கைவிட்டது. அதே மாநிலத்தில் போயட்-டிஎஸ்எம் கூட்டு ஆலையும் நின்றது. ருமேனியாவில் கிளாரியன்ட் ஆலையின் கதையும் அதுவே. 2023 டிசம்பரில் மூடல் அறிவிப்பு வந்தது. பட்டியல் சரிதான். ஒரு பெயரைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது என்ன? நான்கும் எரிபொருள் ஆலைகள். நான்கும் தாளையும் வைக்கோலையும் எத்தனாலாக்கி, பெட்ரோலோடு கலந்து காரில் எரிப்பதற்காகக் கட்டப்பட்டவை. ரசாயனத்தைப் பற்றிய கட்டுரைக்கு ரசாயனம் தயாரிக்காத நான்கு ஆலைகள் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருக்கின்றன.

இந்த வேறுபாடு ஏதோ வக்கீல் பாயின்ட் என்று தள்ளிவிடக் கூடியதல்ல. பள்ளிக்கூட வேதியியல் போதும். 100 கிராம் குளூக்கோஸை ஈஸ்டிடம் கொடுத்தால், ஒரு துளி வீணாகாவிட்டாலும் கிடைக்கும் எத்தனால் 51 கிராம். மற்றது கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடும். அதே 100 கிராமை லாக்டிக் பாக்டீரியாவிடம் கொடுத்தால், கணக்குப்படி 100 கிராம் லாக்டிக் அமிலம் வர வேண்டும். நடைமுறையில் 90க்கு மேல் எடுக்கிறார்கள். சர்க்கரையில் ஆக்சிஜன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. எரிபொருளுக்கு அந்த ஆக்சிஜன் ஒரு சுமை. அதைக் கழற்றி எறிவதிலேயே பாதி எடை போகிறது. அமிலத்துக்கோ அந்த ஆக்சிஜன்தான் சரக்கு. கச்சா எண்ணெயில் அது இல்லை. பெட்ரோலிய வழியில் போகிறவர் காசு கொடுத்து ஆக்சிஜனை உள்ளே ஏற்ற வேண்டும். ஆக எண்ணெய்க்கு மிகச் சாதகமான களத்தில் நுண்ணுயிரி தோற்றதைக் காட்டி, நுண்ணுயிரிக்கு மிகச் சாதகமான களத்திலும் அது தோற்கும் என்கிறார் கட்டுரையாளர். இந்தத் தர்க்கத்தின்படி மாட்டுவண்டிப் பந்தயத்தில் தோற்ற மாடு உழவுக்கும் ஆகாது.

பட்டியலில் ஐந்தாவதாக அவர் வைத்திருப்பது எரிபொருள் ஆலை அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் சார்னியாவில் பயோஆம்பர் என்ற நிறுவனம் 2015இல் சக்சினிக் அமில ஆலை திறந்து 2018இல் திவாலானது. மேலே நான் சொன்ன ஆக்சிஜன் கணக்கையும் மீறி அது விழுந்தது; எண்ணெய் விலை சரிந்ததும், அந்த அமிலத்துக்குப் பெரிய சந்தை உருவாகும் என்று போட்ட கணக்கு பொய்த்ததும் அதைச் சாய்த்தன. ஆனால் அது தின்றது மக்காச்சோளச் சர்க்கரை. கழிவுக்கு எதிரான வழக்கில் கழிவையே தொடாத ஆலையைச் சாட்சியாகக் கொண்டுவருவது கட்டுரையாளரின் வசதி.

பானிபட் ஆலையை அவர் விடவில்லை, நானும் விடப்போவதில்லை. 2022 ஆகஸ்டில் பிரதமர் தொடங்கிவைத்த ஆலை. 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு; ஆண்டுக்கு 2 லட்சம் டன் நெல் தாளில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர். தாளில் இருப்பது நேரடிச் சர்க்கரை அல்ல. லிக்னின் என்ற பிசினுக்குள் இறுகிக் கிடக்கும் செல்லுலோஸ். நீராவியும் அமிலமும் கொண்டு அதை உடைத்து, விலை கூடிய என்சைம் ஊற்றிக் கரைத்த பிறகுதான் ஈஸ்டுக்குச் சோறு. நெல் தாளில் மணல்போல் சிலிக்கா வேறு. எந்திரத்தை அராவித் தேய்க்கும். இதற்கெல்லாம் முன்னால், அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் கிடைக்கும் மூன்று வாரத்துக்குள் வயல் வயலாகப் போய்ச் சுருட்டி, கட்டி, ஏற்றி, ஆண்டு முழுதுக்கும் நனையாமல், தீப்பிடிக்காமல் அடுக்கிவைக்க வேண்டும். இது சிரமமான பாதை என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் தாள் எரிப்பதை நிறுத்த வேறு வழி தேடுகிற நெருக்கடியில் அரசு இதில் இறங்கியது. (நம் டெல்டாவில் வைக்கோலை எந்திரம் சுருட்டுகிறது, லாரி ஏற்றிக் கேரளா போகிறது, அங்கே மாடு தின்கிறது. அதை யாரும் கழிவு என்று சொல்வதில்லை.)

வயலில் சிதறிக் கிடப்பது ஒரு வகை. ஆலை வாசலில், தானாகவே, ஒரே இடத்தில், ஒரே தரத்தில் குவிவது இன்னொரு வகை. இரண்டாவது வகையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் மக்காச்சோள மாவு ஆலைகள் சோளத்தை ஊறவைத்த தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தன. 1941இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பெனிசிலின் பூஞ்சையோடு வந்த நார்மன் ஹீட்லியும், இல்லினாய் மாநிலத்தில் பியோரியா ஆய்வகத்தின் ஆண்ட்ரூ மோயரும் அந்த ஊறல் நீரை வளர்ப்புக் கரைசலில் சேர்த்துப் பார்த்தார்கள். விளைச்சல் பத்து மடங்குக்கு மேல் ஏறியது. உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு மருந்து போய்ச் சேர்ந்ததில் அந்த ஊறல் தண்ணீருக்குப் பங்கு உண்டு. அயர்லாந்தில் கார்பரி என்ற பால் நிறுவனம் 1978இல் பாலாடைக்கட்டி எடுத்து மிஞ்சிய தெளிநீரிலிருந்து எத்தனால் எடுக்கத் தொடங்கியது. பால் ஏற்கெனவே ஆலைக்கு வந்தாயிற்று. தெளிநீரைத் தேடி எவரும் லாரி அனுப்ப வேண்டியதில்லை. அதனால்தான், சரக்கு எத்தனாலாக இருந்தும்கூட, அங்கே கணக்கு இடித்தது குறைவு.

அடுத்து வைஸ்மனுக்கு வருவோம். கட்டுரையாளர் தன் துருப்புச் சீட்டு என்று நினைப்பது இவரைத்தான். பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரான சைம் வைஸ்மன், முதல் உலகப் போரின்போது மான்செஸ்டரில் வேதியியலர். பீரங்கிக் குண்டுக்கான கார்டைட் வெடிமருந்து செய்ய பிரிட்டனுக்கு அசிட்டோன் வேண்டியிருந்தது. மாவுப் பண்டத்திலிருந்து அசிட்டோனும் பியூட்டனாலும் எடுக்கும் பாக்டீரியாவை அவர் தந்தார். 1917இல் நீர்மூழ்கிகளின் தாக்குதலால் அமெரிக்கச் சோளம் வரத்துக் குறைந்தபோது, பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகள் காட்டுக் கஷ்கொட்டைக் காய்களைப் பொறுக்கி மூட்டை கட்டினார்கள். கிங்ஸ் லின் ஆலைக்கு அது போனது. போர் முடிந்தபின் கார்ப் பூச்சுக்குப் பியூட்டனால் தேவைப்பட, அமெரிக்காவில் அந்தத் தொழில் செழித்தது. பிறகு 1950களிலும் 60களிலும் பெட்ரோலியம் அதைக் கொன்றது. ஆகவே வரலாறு தீர்ப்புச் சொல்லிவிட்டது என்கிறார் கட்டுரையாளர்.

சொன்ன தீர்ப்பை முழுசாகப் படிக்க வேண்டாமா? பியூட்டனால் அந்தப் பாக்டீரியாவுக்கே நஞ்சு. கரைசலில் கரைப்பான்கள் எல்லாம் சேர்ந்து 2 சதவீதத்தைத் தொட்டாலே பாக்டீரியா படுத்துவிடும். 2 பங்கு சரக்கை எடுக்க 98 பங்கு தண்ணீரைச் சூடாக்க வேண்டியிருந்தது. அதற்கு எரித்த நிலக்கரி விலையும் சேர்ந்துதான் அந்தத் தொழிலை முறித்தது. கூடவே, மொலாசஸை மாட்டுத்தீவனக்காரர்கள் கூடுதல் விலைக்குக் கேட்டார்கள். இவை பியூட்டனாலின் காரணங்கள். லாக்டிக் அமிலக் கலனில் பத்து சதவீதத்துக்கு மேல் சரக்கு நிற்கும். வேலையின் பாதியில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தை அடக்கிக்கொண்டே போவார்கள். தண்ணீரை முழுசாகக் காய்ச்சி வடிக்கும் வேலை அங்கே இல்லை. வைஸ்மனின் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில்தான் ஜப்பானில் குளூட்டமிக் அமில ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு தெருவில் ஒரு கடை மூடியதைப் பார்த்தவருக்கு, எதிரே நான்கு கடை திறந்தது கண்ணில் படவில்லை.

இட்லி மாவு உவமையை ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒருநாள் பொங்கும், ஒருநாள் பொங்காது, இதை நம்பி யாராவது கோடிகளைக் கொட்டுவார்களா என்கிறார். இட்லி மாவில் விதை போடுவார் இல்லை. உளுந்தோடு வரும் லூக்கனாஸ்டாக் முதலான பாக்டீரியாக்கள் தாமாகக் குடியேறுகின்றன, மார்கழிக் குளிரில் சுணங்குகின்றன. ஃபெர்மென்டரில் நடப்பது வேறு. கலனையும் கரைசலையும் நீராவியால் கிருமி நீக்கி, ஒரே ஒரு வகையைச் சோதனைக்குழாயிலிருந்து படிப்படியாகப் பெருக்கி இறக்குவார்கள். சூடும் புளிப்பும் நிமிடத்துக்கு நிமிடம் கவனிக்கப்படும். சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலின் 1982 முதல் இப்படித்தான் வருகிறது. அதுவும் ஒருநாள் பொங்கி ஒருநாள் பொங்காமல் போகிறது என்று அவர் நம்பினால், மருந்துக்கடையில் சொல்லிப் பார்க்கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த உவமைக்குப் பக்கத்திலேயே ஒரு நிஜமான சிக்கல் இருந்தது. கழிவு தினமும் ஒரேமாதிரி வராது. கோயம்பேட்டில் இன்றைக்கு முட்டைக்கோஸ் இலை, நாளைக்கு வாழைத்தார்த் தண்டு, சித்திரையில் மாங்காய். ஹோட்டல் எச்சிலில் எண்ணெயும் உப்பும் எலும்பும். ஒற்றைப் பாக்டீரியாவிடம் இதைக் கொடுத்து ஒற்றை அமிலம் கேட்பது வீண் வேலை. என் கருத்தில், கலப்புச் சோற்றுக் கழிவின் இடம் சாண எரிவாயுக் கலன்தான். அங்கே ஆயிரம் வகைக் கிருமிகள் கூட்டாக வேலை செய்கின்றன, யார் எதைத் தின்றாலும் கடைசியில் மீத்தேன் வரும். இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஆலை நாளுக்கு 550 டன் ஈரக்கழிவு எடுக்கக் கட்டப்பட்டது. வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்கும் ஒழுங்கு அந்த ஊரில் இருந்ததால் அது முடிந்தது. குப்பையில் கோடி கொட்டுகிறது என்று மேடைக்கு மேடை படம் காட்டுகிறவர்கள், சோற்றுக் கழிவிலிருந்து பிளாஸ்டிக் என்று சொல்லி முதலீடு கேட்கும்போது, அவர்களைக் கிண்டல் செய்ய கட்டுரையாளருக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கிண்டலில் நானும் சேர்ந்துகொள்வேன்.

அவர் வாதங்களில் கொஞ்சமாவது கனம் உள்ளது மாடு பற்றியது. கழிவு என்று நீங்கள் சொல்வதெல்லாம் ஏழை விவசாயியின் மாட்டுத்தீவனம், அதைப் பிடுங்கி ஆலைக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்று உருகியிருக்கிறார். எள்ளுப் பிண்ணாக்குக்கும் தவிட்டுக்கும் இது நூற்றுக்கு நூறு பொருந்தும். அவற்றைத் தொடுகிறவனை நானும் திட்டுவேன். ஆனால் அவர் உதாரணம் காட்டியிருப்பது சேலத்துத் திப்பி. அவர் திப்பியைக் கண்ணால் பார்த்திருக்கிறாரா என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் வந்தது.

ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் போனால் சேகோ ஆலைகள். குச்சிக்கிழங்கு லாரியில் வந்து இறங்கும்; கழுவி, தோலுரித்து, அரவையில் விட்டு, தண்ணீர் பாய்ச்சிச் சல்லடையில் அலசுவார்கள். பால்போல் வடிவது தொட்டிகளில் படிந்து மாவாகி ஜவ்வரிசிக்குப் போகும். சல்லடையில் நிற்கும் சக்கைதான் திப்பி. கையில் அள்ளினால் ஈரத் துணியைப் பிழிந்தமாதிரி தண்ணீர் சொட்டும். எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். சிமென்ட் களத்தில் பரப்பி, பெண்கள் பலகையால் தள்ளித் தள்ளிக் காயப்போடுவார்கள். இரண்டு நாள் வெயில் தவறினால் புளித்த வாடை சாலைவரை வரும், ஓரங்களில் பூஞ்சை கட்டும். வெயில் அடித்தால் திப்பி வரவு, மழை பெய்தால் செலவு என்பது ஆலைக்காரர்கள் கணக்கு. காய்ந்தது தீவனத்துக்குப் போகிறது, சரி. ஆனால் அதில் புரதம் அற்பம்; காய்ந்த எடையில் பாதிக்கு மேல் வெறும் மாவுச்சத்து. மாட்டின் வயிறு நிறையும், மடி நிறையாது.

லாக்டிக் பாக்டீரியாவுக்கு வேண்டியது அந்த மாவுச்சத்துதான். மாவை நேராகவே தின்று அமிலமாக்கும் வகைகளும் உண்டு. மரவள்ளி ஊறலிலேயே அவற்றைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். மிஞ்சும் நாரோடு பாக்டீரியா உடம்பின் புரதமும் சேர்ந்து வரும். அதைச் சோதித்துத் தீவனத்தில் கலக்க முடியும். அமெரிக்க எத்தனால் ஆலைகள் சோளத்தின் மாவை எடுத்துக்கொண்டு, புரதம் செறிந்த மிச்சத்தை உலகம் முழுக்கத் தீவனமாக விற்பது கட்டுரையாளருக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது. நம் ஊர்க் கோழிப்பண்ணைகளிலேயே அதுபோன்ற மிச்சம் புழங்குகிறது. மாட்டிடமிருந்து ஒன்றும் பிடுங்கப்படவில்லை, மாட்டுக்கு அதிகம் பயன்படாத பகுதி வேறு வேலைக்குப் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் கிழங்கு விலை சரியும்போது சேலத்து விவசாயி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் போய் நிற்கிறார். திப்பிக்குக் காசு வந்தால் ஆலைக்காரர் அதைக் கிழங்கு விலையில் காட்டுவாரா, காட்டமாட்டாரா என்பது நியாயமான சந்தேகம். 1981 முதல் அங்கே இருக்கும் சேகோசர்வ் கூட்டுறவு அதில் தலையிட வேண்டும். மாட்டுக்காக இவ்வளவு உருகியவர் கிழங்கு போட்டவரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சரி, இதெல்லாம் காகிதத்தில்தானே என்பார். ஆம். திருவனந்தபுரத்து சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகமும் பிரேசிலின் பரானா பல்கலைக்கழகத்தாரும் கிழங்குச் சக்கையில் பூஞ்சை வளர்த்துச் சிட்ரிக் அமிலமும் என்சைம்களும் எடுப்பது பற்றி 1990களிலிருந்து எழுதிக் குவித்திருக்கிறார்கள். சேலத்தில் அந்த அளவுக்கு ஆலை எழும்பவில்லை. சீனா பெரும் அளவில் மலிவாகத் தயாரித்துக் குவிக்கும் சிட்ரிக் ஆசிடோடு போட்டி போட வேண்டியிருப்பது ஒரு காரணம். சேகோ ஆலைகள் சிறியவை, பருவத்துக்கு ஓடுபவை; ஃபெர்மென்டரோ ஆண்டு முழுக்க ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும் என்பது இன்னொன்று. பல ஆலைகளின் காய்ந்த திப்பியை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க முடிந்தால் இரண்டாவது சிக்கல் இளகும். இவற்றை அவர் எழுதியிருந்தால் நான் இந்த எதிர்வினையை எழுதியிருக்க மாட்டேன், உட்கார்ந்து படித்திருப்பேன்.

அவர் வைத்திருக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. மொலாசஸில் ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர்வரை ஸ்பென்ட் வாஷ் என்ற கழிவுநீர் மிஞ்சும். கருஞ்சிவப்பு நிறம், குமட்டும் வாடை. கிணற்றில் இறங்கினால் அந்தக் கிணறு போயிற்று. சர்க்கரை ஆலைப் பக்கத்துக் கிராமங்களைக் கேட்டால் தெரியும். சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் விதி போட்ட பிறகும் புகார்கள் ஓயவில்லை. லாக்டிக் அமிலமும் புனிதமானதல்ல: பழைய முறையில் ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் மிஞ்சும், அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வரும். கழிவைத் தின்று கழிவைக் கக்கும் தொழில் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்தத் துறையில் இருப்பவர்கள் தலைகுனிந்திருப்பார்கள். அவர் இட்லி மாவுக்குப் போய்விட்டார்.

மானியம், மானியம் என்று பத்துத் தடவை எழுதியவர், இந்தியாவில் இந்தத் தொழிலை அரசு தாங்கியதைவிட மிதித்ததே அதிகம் என்பதையும் பார்த்திருக்கலாம். 1960களில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் மொலாசஸ் சாராயத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்த ஆலை ஒன்று இருந்தது. சாராயம் என்ற சொல் வந்தாலே மாநில அரசுகளுக்கு அது வரி. குடிக்கிற சாராயமா, ரப்பர் செய்கிற சாராயமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1989இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, தொழில்துறைச் சாராயத்தின்மேல் மாநிலங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்று அதை மாற்றி, அதிகாரம் உண்டு என்றது. இடையில் முப்பத்தைந்து ஆண்டுகள். எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியாத தொழிலில் எவன் காசு போடுவான்? அந்த வகையில் சேலத்துத் திப்பிக்கு ஒரு வசதி இருக்கிறது. லாக்டிக் அமிலத்தைக் குடித்து யாரும் தள்ளாடுவதில்லை. ஆயத்தீர்வைத் துறைக்கு அதில் வேலையே கிடையாது.